கியாமுக்கு எதிர்மலை

பட்டாளத்தில் காலம் தள்ளிவிட்டு வந்தவனிடம் எந்தப் போஸ்டிங் மனசில் நிற்கிறது என்று கேட்பவர்கள் சியாச்சின், கார்கில் என்று ஏதாவது பதில் வரும் என்றுதான் காத்திருப்பார்கள். எனக்கு வாயில் வருவது இபல் அல்-சாகி. தெற்கு லெபனானில் இருக்கும் மலைக்கிராமம். ஐ.நா. அமைதிப் படையான யூனிஃபில் 1978-லிருந்து அந்த நாட்டில் இருக்கிறது. இந்திய பட்டாலியன் போனது 1998 கடைசியில். 2003-ல் நர்சிங் அசிஸ்டன்டாக நானும் போனேன். விமானம் ஏறியதே அதுதான் முதல் தடவை.

யு.என். மிஷன் என்றால் ஆளாளுக்குப் பெயர் கொடுப்பார்கள். உலக அமைதி என்பது பரேடில் பேசுகிற பேச்சு. கூடுதலாக வரும் படியில் வீட்டுக்கு மாடி எழுப்பலாம் என்பது சாப்பாட்டு லங்கரில் பேசுகிற பேச்சு. எங்கள் வீட்டு மாடி அப்படி எழும்பியதுதான். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

காட்பாடியில் ரயில் ஏறும்போது அம்மா எங்கள் மரத்துப் புளியைக் கொட்டை நீக்கி, உப்புப் போட்டு உருட்டி, துணியில் முடிந்து கொடுத்தாள். டெல்லியில் பயிற்சி, தடுப்பூசி, நீலத் தொப்பி. பிறகு ஐ.நா. வாடகைக்கு எடுத்த விமானம். பெய்ரூட்டில் இறங்கிக் கடலோரமாகத் தெற்கே போனால் சாலையோரம் வாழைத்தோட்டம். "இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்றார் பக்கத்தில் இருந்த தேனிக்கார நாயக் ஒருவர். லிட்டானி ஆற்றைக் கர்தலிப் பாலத்தில் கடந்து மேலே ஏறிய பிறகுதான் நிலம் மாறியது. எங்கு பார்த்தாலும் ஒலிவ மரம். கிழக்கே ஹெர்மோன் மலை, 2,814 மீட்டர், உச்சியில் பனி.

முதல் சில மாதம் ஊர் ஏக்கம் ஆளைத் தின்றது. போனுக்கு வரிசையில் நிற்க வேண்டும். கார்டில் காசு ஓடிக்கொண்டிருக்கும், அந்தப் பக்கம் மனைவி "அப்புறம்?" என்பாள், இந்தப் பக்கம் நான் "அப்புறம் நீதான் சொல்லணும்" என்பேன். குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டாள் என்ற சேதி வந்த அன்று எம்.ஐ. ரூமில், அதாவது முகாமின் மருத்துவ அறையில், சும்மா இருந்த கட்டில்களுக்கெல்லாம் விரிப்பு மாற்றினேன்.

பிழைக்க வைத்தது மருத்துவ முகாம்தான். கிராமம் கிராமமாகப் போவோம். கிறிஸ்தவர், துரூஸ், ஷியா என்று ஊருக்கு ஊர் ஆட்கள் மாறுவார்கள். பிரஷரும் மூட்டுவலியும் மாறாது. இபல் அல்-சாகியில் ஒரு கிழவி. கையில் பிரஷர் பட்டையைச் சுற்றியதும் அரபியில் ஆரம்பிப்பாள். "சரி பாட்டி, உப்பக் கொறைங்க பாட்டி" என்று நான் தமிழில் சொல்வேன். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. போகும்போது எலுமிச்சையோடு உப்பு நீரில் ஊறிய ஒலிவக்காயை ஒரு பாட்டிலில் போட்டுத் தருவாள். உப்பைக் குறைக்கச் சொன்னவனுக்கு உப்புக்காய்!

அக்டோபரில் ஒலிவ அறுவடை. மரத்தடியில் பாய் மாதிரி அகலத் துணி விரித்து, ஆண்கள் நீளக் கழியால் கிளையைத் தட்ட, பெண்கள் குந்தி உட்கார்ந்து இலையை ஒதுக்கிக் காயைக் கூடையில் சேர்ப்பார்கள். எங்கள் பக்கம் புளி உலுக்குவது அப்படியே இதுதான். கழி பிடிக்கிற கை, "தலை பத்திரம்" என்று போடுகிற சத்தம், நடுவில் டீ. டியூட்டியில் இருந்த நான் வேலியோரமாக நின்று பார்த்தேன். துணியில் காய் விழுகிற பொட்டுப் பொட்டென்ற ஓசையை இப்போதும் கேட்க ஆசை.

பக்கத்தில் வஸ்ஸானி ஊற்று. அதிலிருந்து கிராமங்களுக்குத் தண்ணீர் இறைக்க லெபனான் 2002-ல் குழாய் போட, எல்லைக்கு அந்தப் பக்கம் இஸ்ரேல் போர் வரும் என்கிற அளவுக்கு எகிறியது. மேலே இருப்பவன் இறைத்தால் கீழே இருப்பவன் கத்துவான் என்பதைப் பாலாற்றுக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நம்மிடம் பீரங்கி நிற்கவில்லை, அவ்வளவுதான்.

எதிர் மேட்டில் கியாம். இஸ்ரேல் 2000 மே மாதம் தெற்கு லெபனானை விட்டு விலகும்வரை அங்கே ஒரு சிறை இருந்தது. நான் போனபோது அதைக் காட்சிக்கூடமாக வைத்திருந்தார்கள். கை நீட்டினால் சுவர் இடிக்கிற அறைகள். 2006 போரில் அந்தக் கட்டடம் குண்டில் போனது. 2024 போரில் கியாம் ஊரே பெருமளவு இடிந்தது. டிவியில் காட்டினார்கள். எந்தத் தெருவில் முகாம் போட்டோம் என்று தேடினேன்; அடையாளம் வைக்க ஒரு சுவர் கிடைக்கவில்லை. இபல் அல்-சாகிப் பாட்டி அதற்கு முன்பே போயிருப்பாள், வயசு அப்படி. அவளுடைய பேரன் பேத்திகள் அந்த அக்டோபரில் காய் தட்டப் போயிருப்பார்களா?

திரும்பும் நாளை எண்ணி எண்ணிக் காலண்டரில் கோடு போட்டவன்தான் நான். இப்போது ஊரில் இருக்கிறேன், புளியமரமும் இருக்கிறது, ஏக்கம் மட்டும் அந்த மலைக்கு இடம் மாறிவிட்டது. வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

2025 ஆகஸ்டில் பாதுகாப்புக் கவுன்சில் யூனிஃபிலுக்குக் கடைசி நீட்டிப்பு கொடுத்தது. 2026 டிசம்பர் 31-ஓடு பணி முடிகிறது. அதன் பிறகு ஒரு வருஷத்துக்குள் எல்லாப் படைகளும் கிளம்பியாக வேண்டும்.