மூன்றாம் வாரம்

குழித்துறையில் அன்பியக் கூட்டம் முடிந்து திரும்புகையில், கல்லூரி மாணவி ஒருத்தி நம்மிடம் தயங்கியபடி கூறினாள்: “என்.பி.டி.இ.எல். இணையப் பாடத்தை மூன்றாம் வாரமே விட்டுவிட்டேன், சுவாமி.”

2003-இல் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் கூடித் தொடங்கிய திட்டம் அது. பாடம் கேட்பது இலவசம், தேர்வுக்கே கட்டணம். வாராந்திர ஒப்படைப்புகளுக்கு 25 விழுக்காடு மதிப்பெண், தேர்வுக்கு 75. பெயர் கூப்பிட ஆளில்லை. எனவே ஓசையின்றி நின்றுவிடலாம்.

“அலைபேசியோடு உட்கார்ந்தாலே அம்மா ஏசுகிறாள்” என்றாள். தாயை என்ன சொல்ல? அலைபேசியைப் பீடத்தில் நின்று பழித்தவர் நாமன்றோ!

இப்போது வியாழன் மாலைதோறும் பங்கு இல்லத் திண்ணையில் நால்வர் கூடிப் படிக்கின்றனர். பாடம் நமக்கு விளங்காது. “ஒப்படைப்பு அனுப்பியாயிற்றா?” என்று மட்டும் கேட்கிறோம். சென்ற வாரம் அத்தாயே மகளுக்குத் தேநீர் கொண்டுவந்தாள்.