வேலியின் அந்தப் பக்கம்

பள்ளி விடுமுறை விட்டால் எனக்கு வீட்டில் கால் தரிக்காது. ஜொகூர் மாநிலத்தில், இன்று செம்பனைத் தோட்டமாகிவிட்ட ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தின் தமிழ்ப் பள்ளியில் நான் ஆசிரியை. பயிற்சிச் சான்றிதழைக் கையில் வாங்கிய நாள்முதல் தோட்டப்புறத்துப் பிள்ளைகளோடுதான் என் காலம் போகிறது. விடுமுறை வந்ததும் இரண்டு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு கடற்பாலத்தைத் தாண்டி உட்லண்ட்ஸ் போய், ரயிலேறி, ஆங் மோ கியோவில் இறங்கிவிடுவேன். அங்கேதான் என் அக்கா இருக்கிறாள்.

ஆங் மோ கியோ என்ற பெயரைக் கேட்டு எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஹொக்கியன் மொழியில் 'ஆங் மோ' என்றால் செந்தலையர், அதாவது வெள்ளைக்காரர். 'கியோ' என்றால் பாலம் என்று ஒரு விளக்கம் உண்டு. தக்காளிக்கும் ஏறத்தாழ இதே ஒலிப்புத்தான். "எங்க அக்கா தக்காளி ஊர்ல இருக்காங்க" என்று நானும் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஒரு காலத்தில் தோட்டமும் காடும் கிராமமுமாக இருந்த இடத்தில் 1973ஆம் ஆண்டிலிருந்து அடுக்குமாடி வீடுகளைக் கட்டி எழுப்பிய நகரம் அது. அக்கா அங்கே வாழ்க்கைப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அத்தான் காலமானார். அதன் பிறகு அக்காவை எழுந்து நடமாட வைத்தது புளோக்கின் பக்கத்தில் இருக்கும் பொதுத் தோட்டம்தான். சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக் கழகம் 'கம்யூனிட்டி இன் புளூம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. குடியிருப்பாளர்களே கூடி, கிடைக்கும் சிறு நிலத்தில் காய்கறியும் பூவும் பயிரிடுவார்கள். இன்று தீவு முழுவதும் ஆயிரத்துக்கும் அதிகமான தோட்டங்கள் அப்படி உண்டு. அக்காவின் தோட்டத்தில் சீனப் பெரியவர் ஒருவர் கீரை போடுகிறார். மலாய் மாக்சிக் ஒருவர் பண்டான் இலையும் செரையும் வளர்க்கிறார். அக்காவுக்குக் கறிவேப்பிலையும் துளசியும்.

அந்தத் தோட்டத்துக்கு ஒரு குறை. அதன் பின்பக்கத்துக் கம்பி வேலிக்கு அப்பால்தான் புளோக்குகளின் குப்பையைச் சேர்க்கும் கூடம். பச்சை நிறத் தொட்டிகள், உடைந்த நாற்காலி, யாரோ தூக்கியெறிந்த மெத்தை, கழுவிவிட்ட தண்ணீர். துளசிக்குத் தண்ணீர் ஊற்ற நிமிர்ந்தால் கண்ணில் படுவது அதுதான்.

"இதை எப்படியாவது மறைக்கணும்டி" என்றாள் அக்கா, நான் போய் இறங்கிய அன்றே. கைப்பேசியில் ஒரு படத்தையும் காட்டினாள். இங்கிலாந்தில் யாரோ ஒருவர் வீட்டு வேலி. வேலியே தெரியாமல் தட்டுத் தட்டாக ஊதாப் பூக்கள். "கிளமேட்டிஸாம். விதைகூட விற்கிறாங்க. வாங்கட்டுமா?"

நான் வகுப்பில் கொடிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள். பாகற்கொடி பற்றுச்சுருளை நீட்டிப் பிடிக்கும். சுவரில் படரும் சிற்றத்தி வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும். அவரை தன் தண்டையே சுற்றிக்கொண்டு ஏறும். கிளமேட்டிஸோ இலைக்காம்பை வளைத்துக் கம்பியைப் பிடித்து ஏறும். அழகான கொடிதான். ஆனால் இப்படித் தட்டுத் தட்டாகப் பூப்பவை குளிர்நாட்டுக் கொடிகள். குளிர்காலத்தில் உறங்கி, வசந்தத்தில் தளிர்த்து, வேர் நிழலிலும் தலை வெயிலிலுமாக வாழ்ந்து பழகியவை. ஆண்டு முழுவதும் புழுங்கும் நம் ஊரில் அவற்றுக்கு உறக்கம் ஏது? "உறங்காத கொடி பூக்காது அக்கா. காசைக் கெடுத்துக்காதே" என்றேன். அக்கா கேட்கவில்லை. விதை வாங்கினாள், ஊன்றினாள், ஆறு வாரம் பார்த்தாள். மண் மண்ணாகவே இருந்தது.

இதில் அக்காவைக் குறை சொல்ல முடியாது. மறைக்க வேண்டியதைக் கொடியால் மறைப்பது சிங்கப்பூரின் பழைய வழக்கம். 1963 ஜூன் மாதத்தில் லீ குவான் யூ ஒரு மரக்கன்றை நட்டு, மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 1967இல் 'தோட்ட நகரம்' என்ற எண்ணம் பிறந்தது. மரம் வைக்க இடமில்லாத இடங்களில் கொடி வைத்தார்கள். மேம்பாலத் தூண்களிலும் தடுப்புச் சுவர்களிலும் சிற்றத்தியை ஏற்றிவிட்டார்கள். நடைமேம்பாலங்களின் விளிம்பில் காகிதப்பூவைத் தொங்கவிட்டார்கள். 1981இல் தேசிய மலராகத் தேர்ந்தெடுத்த வாண்டா மிஸ் ஜோகிம் ஆர்க்கிட்கூட, கொம்பைப் பற்றி ஏறும் இனம்தான்.

ஆகவே ஒரு நாள் மாலை இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். காகிதப்பூவுக்கு முள் உண்டு. பிள்ளைகள் ஓடியாடும் இடத்துக்கு ஆகாது. ரங்கூன் மல்லி இருக்கிறதே, அந்தியில் வெள்ளையாக விரிந்து, பிறகு இளஞ்சிவப்பாகி, கடைசியில் செக்கச்செவேலென்று மாறும். வாசனையும் உண்டு. ஆனால் நாளாக ஆகத் தண்டு மரம்போலத் தடித்து வேலியையே சாய்த்துவிடும். அப்போது பக்கத்தில் இருந்த மாக்சிக், "புங்கா தெலாங் போடுங்களேன்" என்று ஒரு காய்ந்த நெற்றை எடுத்துக் கொடுத்தார். நம்முடைய சங்குப்பூதான்! கபிலர் குறிஞ்சிப்பாட்டில் வரிசையாகச் சொல்லும் மலர்களில் வரும் கருவிளை இதுவே. ஊர்ப்பக்கத்தில் காக்கணம் என்பார்கள். மாக்சிக் அதன் நீலச் சாற்றைப் பலகாரத்துக்கு நிறமேற்ற வைத்திருக்கிறார். அதில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாக மாறும். வீட்டில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள், மகிழ்ந்துபோவார்கள்.

வளர்க்க விரும்பும் சகோதரிகளுக்கு எங்கள் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். விதையின் தோல் கெட்டி. கத்தி முனையால் இலேசாகக் கீறி, ஓர் இரவு தண்ணீரில் ஊறப் போடவேண்டும். வேலியோரம் ஓர் அடிக்கு ஒன்றாக, அரை அங்குல ஆழத்தில் ஊன்றினால் போதும். ஒரு வாரம், இரண்டு வாரத்தில் முளைத்துவிடும். கொடி ஓர் அடி வளர்ந்ததும் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளாவிட்டால் ஒரே ஓட்டமாக உச்சிக்குப் போய்விடும். கீழே வேலி மொட்டையாக நிற்கும். கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும். அவற்றைப் படுக்கைவாட்டில் கம்பியில் கோத்துவிட்டால் தரையிலிருந்தே திரை கட்டும். அவரை இனமாதலால் தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தன் வேர்முடிச்சிலேயே சேர்த்துக்கொள்ளும். உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் மிஞ்சும். காய்களை முற்றவிடாமல் பறித்தால் பூ நிற்காது. இன்னொன்று, தொட்டியில் வளர்ப்பவர்கள் அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். இருபது காசு அளவு தண்ணீர் போதும், டெங்கிக் கொசு முட்டையிட.

விதையை ஊன்றிவிட்டு நான் ஊர் திரும்பினேன்.

அடுத்த விடுமுறைக்குப் போனபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. இருபது அடி நீளத்துக்கு, ஐந்தடி உயரத்துக்கு ஒரே பச்சைத் திரை. அதில் நூற்றுக்கணக்கான நீலப் பூக்கள். அக்காவின் முகத்தில் அத்தான் போன பிறகு நான் பார்க்காத ஒரு வெளிச்சம்.

"பாத்தியா? அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கிறதே தெரியலை!" என்றாள்.

அப்போது வேலிக்கு அப்பால் ஒரு சத்தம். பாத்திர மூடியைத் திறக்கும் சத்தம். நான், "யாரு அங்கே?" என்றேன்.

"நான்தான் டீச்சர்" என்று நல்ல தமிழில் பதில் வந்தது.

குப்பைக் கூடத்தைக் கழுவிப் பெருக்கும் தம்பி. புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை. வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கலாம். போன தடவை வந்தபோது வேலிவழியே பேசியிருக்கிறோம். அக்காவும் அவனைக் காணும்போதெல்லாம் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்பாள்; வெயில் கடுமையாக இருந்தால் மோர் கொடுப்பாள். கூடத்தின் சுவரோரம் கவிழ்த்துப் போட்ட ஒரு வாளிதான் அவனுக்கு ஆசனம். அதில் உட்கார்ந்துதான் பகல் சோறு. கொடி அடர்ந்த பிறகு அந்த வாளியும் மறைந்தது, அவனும் மறைந்தான். அக்காவின் மோரும் நின்றுபோயிற்று. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. கண்ணில் படவில்லை, நினைவில் வரவில்லை.

"கொடி நல்லா வந்திருக்கு, பாத்தியா தம்பி?" என்றேன்.

"வரும் டீச்சர். அம்மாவுக்கு முட்டிவலின்னு மூணு வாரம் கீழே இறங்கலை. நான்தான் இந்தப் பக்கமிருந்து தண்ணி பிடிச்சு ஊத்தினேன்."

அக்கா திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது. மழையில் பிழைத்துக்கொண்டது என்றே எண்ணியிருந்தாள்.

"அப்போ உன் பக்கமும் நிறையப் பூத்திருக்கணுமே?" என்று கேட்டேன்.

"இங்கே பூ இல்லை டீச்சர். வெயில் உங்க பக்கம்தானே? எனக்கு நிழல் இருக்கு, அது போதும்."

வாசகர்களே, அந்தச் சொல் எங்கள் இருவரையும் எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியது.

நாங்கள் பிறந்தது லயத்தில். அம்மா காலையில் பால் வெட்டிவிட்டு, பிற்பகலில் மானேஜர் பங்களாவில் தோட்ட வேலைக்குப் போவார். பங்களாவுக்கும் எங்கள் லயத்துக்கும் நடுவில் ஒரு வேலி. தாழ்வாரத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பவர்களுக்கு எங்கள் கூரையும் கழிவறை வரிசையும் தெரியாமல் இருக்க, அந்த வேலியில் ஒரு நீலப் பூங்கொடியை ஏற்றியிருந்தார்கள். அதைக் கட்டியதும் கத்தரித்ததும் அம்மாவின் கைகள்தாம். எங்கள் பக்கத்தில் பெரிய மரங்களின் நிழல். அதனால் நாங்கள் பார்த்ததெல்லாம் காய்ந்த தண்டும் பழுத்த இலையும். அக்காவுக்கு அப்போது பத்து, பன்னிரண்டு வயதிருக்கும். "ஏம்மா, பூவெல்லாம் அந்தப் பக்கமே பூக்குது?" என்று கேட்டாள். அம்மா கையிலிருந்த கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே, "வெயில் அந்தப் பக்கம், அதான்" என்றார். அம்மா சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. நான் இன்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பதும் அதையேதான். ஆனாலும் அந்தப் பதிலுக்குப் பிறகு அக்கா வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

இப்போதும் அவள் பேசவில்லை. வீட்டுக்குப் போய் மோர் கொண்டுவரப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ கருவிப் பெட்டியிலிருந்து கத்தரியை எடுத்துவந்தாள். வலிக்கிற முட்டியைப் பொறுத்துக்கொண்டு குனிந்து, வாளி இருக்கும் இடத்துக்கு நேராகக் கொடியை வெட்டத் தொடங்கினாள்.

"வேண்டாம்மா! நல்லா வந்திருக்கு, வெட்டாதீங்க!" என்று அந்தப் பக்கமிருந்து தம்பி பதறினான்.

"நீ சும்மா இருப்பா. வெட்டினா இது இன்னும் நல்லா வரும். எங்க டீச்சர்தான் சொன்னா."

இரண்டடி அகலத்துக்கு ஒரு ஜன்னல்போலத் திறந்துவிட்டாள். தொட்டிகளும் மெத்தையும் இருக்கும் பக்கம் கொடி அப்படியே நிற்கிறது, அவை தெரியவில்லை. ஜன்னல் வழியே தெரிவது வாளியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் முகம் மட்டும். அடுத்த நாள் அக்கா மறக்காமல் ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வெட்டிய கொடியில் இருந்த பூவையெல்லாம் தம்பி வாங்கிக்கொண்டான். தங்குமிடத்தில் பிள்ளையார் படம் வைத்திருக்கிறானாம். ஒரு பூவைப் படமெடுத்துத் தன் தாயாருக்கு அனுப்பினான். "நம்ம வேலியில கிடக்கிற காக்கணத்தையா அங்கே அதிசயமா வளக்கிறாங்க?" என்று அந்த அம்மாள் சிரித்தாராம்.

அன்றிரவு அக்கா என்னிடம் சொன்னாள்: "நாத்தம் குறைஞ்சது கொடியாலன்னு நெனச்சேன்டி. கொடி எங்கே நாத்தத்தை மறைக்கும்? அவன் தினம் ரெண்டு தடவை கழுவிவிடுறான்."

உண்மைதான். கண்ணுக்கு அசிங்கமாக இருப்பதைக் கொடி மறைக்கும். அதைச் சுத்தமாக வைத்திருப்பது ஒரு மனிதனின் கை. அந்தக் கையையும் சேர்த்து மறைத்துவிட்டால், பூ எவ்வளவு பூத்தும் என்ன? கொடி வைப்பது தவறில்லை. இடத்தை அழகாக்கும் ஆசை ஏழைக்கும் உண்டு, பணக்காரனுக்கும் உண்டு. வேலிக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு விதையை ஊன்றுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது எங்கள் பள்ளியை எண்ணிக்கொண்டே வந்தேன். பள்ளிக் கழிவறைக்கு முன்னால் ஒரு மொட்டைக் கம்பி வேலி நிற்கிறது. அதைத் தாண்டினால் தோட்டத் தொழிலாளர் நடந்துபோகும் பாதை. அந்த வேலி வடக்கு தெற்காக ஓடுகிறது. நடுவில் மரமோ சுவரோ இல்லை. காலையில் பள்ளிப் பக்கம் வெயில் விழும்; மாலையில் பாதைப் பக்கம் விழும். பள்ளி திறந்ததும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து சங்குப்பூ விதை ஊன்றினேன். எங்கள் பக்கம் ஒரு வரிசை, பாதைப் பக்கம் ஒரு வரிசை.

"டீச்சர், அந்தப் பக்கம் எதுக்கு? அங்கே பூத்தா நமக்குத் தெரியாதே!" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அந்தப் பக்கம் நடக்கிறவங்களுக்குத் தெரியும்" என்றேன்.

சிறிது யோசித்துவிட்டு அவள் சொன்னாள்: "எங்கம்மா அந்த வழியாத்தான் வேலைக்குப் போறாங்க."