கூடு செய்கிற தொழில்

சித்தப்பா மகன் கடலூரில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறான். வாங்கி விற்பதில் சலித்துப்போய், வெற்றுக் கேப்சூல் தயாரிக்கும் தொழிற்சாலை போட்டால் என்ன என்ற யோசனைக்கு வந்திருந்தான். மருந்து கம்பெனிக்காரன் தன் மருந்தை அடைத்துக்கொள்வான், நாம் கூட்டை மட்டும் கொடுக்கப்போகிறோம், அதில் என்ன வில்லங்கம் வந்துவிடும் என்பது அவன் கணக்கு. ஆடிட்டர் எழுதிக் கொடுத்த திட்ட அறிக்கையில் ஒரு பக்கத்தைக் காட்டிப் பொருமினான்: "அண்ணே, உள்ள ஒண்ணுமே இல்ல. காலிக் கூடு. இதுக்கு எதுக்கு மருந்து லைசென்ஸ்?"

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். மருந்து என்றால் எது என்று வரையறுக்கும் மூன்றாம் பிரிவில், மருந்தில் ஒரு பகுதியாகச் சேரும் எல்லாப் பொருளும், வெற்று ஜெலட்டின் கேப்சூல் உட்பட, மருந்தே என்று எழுதியிருக்கிறது. அந்த வரி 1940இல் கிடையாது. 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நுழைந்தது. மாவு, சர்க்கரை, சாயம் என்று மாத்திரைக்குள் போகும் எத்தனையோ சரக்கைப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போன சட்டம், இந்தக் கூட்டை மட்டும் ஏன் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இது எங்கே பிறந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

பிறந்த இடம் பாரிஸ். 1834ஆம் ஆண்டு. பிரான்சுவா மோத் என்ற மருந்தாளுமை மாணவரும், ஜோசஃப் டூப்லாங்க் என்ற மருந்தாளரும் ஜெலட்டின் கேப்சூலுக்குக் காப்புரிமை வாங்குகிறார்கள். அன்றைக்கு வெட்டை நோய்க்குக் கொடுத்த மருந்து, கோபைபா என்ற தென்னமெரிக்க மரத்தின் எண்ணெய்ப் பிசின். குமட்டும் சுவை. நோயை விட மருந்து மோசம் என்று ஆட்கள் ஓடியிருப்பார்கள். அந்தச் சுவையை நாக்குக்குத் தெரியாமல் கடத்தத்தான் கூடு பிறந்தது. செய்த விதம் இன்னும் வேடிக்கை. சின்னத் தோல் பையில் பாதரசத்தை நிரப்பி, உருகிய ஜெலட்டினில் முக்கி எடுப்பார்கள். ஜெலட்டின் இறுகியதும் பாதரசத்தைக் கொட்டிவிட்டால் பை சுருங்கி வெளியே வந்துவிடும். மிஞ்சிய கூட்டுக்குள் மருந்தை ஊற்றி, வாயை ஒரு சொட்டு ஜெலட்டினால் அடைத்துவிடுவார்கள். வாயில் போடுகிற பொருளைப் பாதரசப் பையின் மேல் வார்த்திருக்கிறார்கள்! எந்த இன்ஸ்பெக்டரும் வந்து கேட்கவில்லை.

நாம் இன்று விழுங்கும் இரண்டு துண்டுக் கூடு அடுத்த கட்டம். 1846இல் ஜூல் லெயூபி என்ற இன்னொரு பாரிஸ் மருந்தாளர், உலோகக் கம்பிகளைக் கரைசலில் முக்கி, ஒன்றுக்குள் ஒன்று செருகும் இரண்டு குழாய்களைச் செய்து காப்புரிமை பெற்றார். பிறகு தொழில் அமெரிக்காவுக்குப் போனது. டெட்ராய்ட்டில் ஃபிரெடரிக் ஹ்யூபெல் 1870களில் பெரிய அளவில் செய்யத் தொடங்கினார்; அவர் சரக்கை பார்க்-டேவிஸ் கம்பெனி விற்றது. 1931இல் அதே பார்க்-டேவிஸுக்காக ஆர்தர் கோல்ட்டன், கீழ்க்கூட்டையும் மூடியையும் ஒரே ஓட்டத்தில் செய்து, இரண்டையும் சேர்த்தும் தரும் இயந்திரத்தை வடிவமைத்தார். நம் நாட்டில் ஏசிஜி குழுமம் மும்பையில் 1961இல் தொடங்கியது. தம்பி போட்டியே இருக்காது என்று நம்பிக்கொண்டிருந்தான்; கடலூரிலிருந்து அரைமணி, முக்கால்மணி தூரத்தில் புதுச்சேரியிலேயே நேச்சுரல் கேப்சூல்ஸின் ஆலை இருப்பதை நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

இயந்திரம் எவ்வளவோ மாறிவிட்டது, வேலை மாறவில்லை. விரலைப் பாகில் முக்கி எடுக்கிற அதே காரியம்தான் இன்றும் நடக்கிறது. வரிசையாகத் துருவேறா எஃகுப் பின்கள் பதித்த பட்டைகளைத் தொழிலில் 'பின் பார்' என்கிறார்கள். அவை சுமார் 50 டிகிரி சூட்டில் இருக்கும் ஜெலட்டின் கரைசலில் இறங்கி ஏறும். பின் குளிர்ச்சியாக இருப்பதால் கரைசல் உடனே பிடித்துக்கொள்ளும். நுனியில் கனத்துத் தொங்காமல் இருக்கப் பட்டையைத் தலைகீழாகப் புரட்டுவார்கள். பிறகு காற்று வீசும் அறைகளுக்குள் நகர்ந்தபடியே காயும். காய்ந்த கூட்டை உருவி, அளவாக வெட்டி, மூடியைச் செருகினால் ஒரு சுற்று முடிந்தது. அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பின் அந்த அளவுக்குத் தேய்ந்தாலே மூடி கழன்றுவிடும், அல்லது சேராது.

ஆனால் கேட்கக் கேட்க எனக்குப் புரிந்தது, இந்தத் தொழிலின் மையம் பின்னும் பட்டையும் அல்ல, காற்று. நல்ல ஜெலட்டின் கூட்டில் 13 முதல் 16 சதவீதம் தண்ணீர் இருக்க வேண்டும். குறைந்தால் அடைக்கும்போது கண்ணாடி மாதிரி நொறுங்கும். கூடினால் குழைந்து ஒட்டும். எனவே அறைக்குள் ஈரப்பதமும் வெப்பமும் இரவு பகல் ஒரே அளவில் நிற்க வேண்டும். ஐப்பசி மழையில் அப்பளம்கூடக் காயாத கடற்கரையில் இதைச் செய்ய, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயந்திரங்கள் ஓயாமல் ஓட வேண்டும். கரண்ட் போனால் பட்டையில் இருக்கும் சரக்கு மொத்தமும் குப்பை. திட்ட அறிக்கையில் முதன்மை இயந்திரத்துக்கு விரிவான பட்டியல் இருந்தது. காற்றுக்கும் ஜெனரேட்டருக்கும் 'இதர செலவு'. ஆடிட்டர்மார் எழுதும் அறிக்கைகள் பெரும்பாலும் இப்படித்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரமம். சட்டம் எழுப்பிய கேள்விக்கு விடை அல்ல. விடை, ஜெலட்டின் எங்கிருந்து வருகிறது என்பதில் இருந்தது.

மாட்டெலும்பைச் சேகரித்து, நொறுக்கி, கொழுப்பை நீக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்புச் சத்து கரைந்துபோகும். மிஞ்சும் மெத்தென்ற பொருள் ஆசீன். அதை வாரக்கணக்கில் சுண்ணாம்பு நீரில் போட்டு, கழுவி, வெந்நீரில் வடித்தால் ஜெலட்டின். கேரளத்தில் சாலக்குடி ஆற்றுப் பக்கம் காதிக்குடத்தில் ஆசீனும், கொச்சி காக்கநாட்டில் ஜெலட்டினும் செய்யும் ஆலைகள் உண்டு. கடலூர் சிப்காட்டிலேயே ஜெலட்டின் ஆலை இருக்கிறது. ஒரு காலத்தில் போட்டோ பிலிமுக்கும் இதே சரக்குதான் போனது. அமிலமும் சுண்ணாம்பும் ஏராளமான தண்ணீரும் கேட்கும் வேலை. ஆற்றுநீர் கெடுகிறது என்று காதிக்குடத்து மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள்.

எலும்புக்குப் பதில் தோலிலும் ஜெலட்டின் எடுக்கலாம். வில்லங்கம் அங்கேதான். 2012 ஏப்ரலில் சீன அரசுத் தொலைக்காட்சி ஒரு செய்தியை வெளியிட்டது. செஜியாங் மாகாணத்தின் சின்சாங் வட்டாரத்தில் கேப்சூல் கூடு செய்தே வாழும் ஊர்கள் உண்டு. அங்கே சிலர், குரோமியம் போட்டுப் பதனிட்ட தோலின் கழிவிலிருந்து எடுத்த மலிவு ஜெலட்டினில் கூடு செய்து மருந்து கம்பெனிகளுக்கு விற்றிருந்தார்கள். அந்நாட்டு விதிப்படி ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம் குரோமியம்தான் இருக்கலாம். பல கூடுகளில் அது பலமடங்கு இருந்தது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் குரோமியத்தில் பதனிட்ட 'வெட் புளூ' தோலைப் பார்த்தவர்களுக்கு அந்த நீல நிறம் என்னவென்று தெரியும். உள்ளே இருந்த மருந்தில் குற்றமில்லை. நோயாளி விழுங்கிய விஷம் கூட்டில் இருந்தது. தம்பியின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: வயிற்றுக்குள் போய்க் கரைவதால், கூட்டைப் பொட்டலமாக நினைக்க முடியாது.

சைவக் கூடும் வந்துவிட்டது. 2017 வாக்கில் நம் நாட்டில் எல்லாவற்றையும் அதற்கே மாற்றிவிடலாமா என்று அரசு அளவில் பேச்சு எழுந்து, அப்படியே நின்றது. சைவக் கூடு, மரக்கூழ், பஞ்சிலிருந்து எடுக்கும் செல்லுலோஸில் செய்வது. விலை அதிகம், ஈரம் குறைவாகவே தங்குவதால் ஈரம் ஆகாத மருந்துகளுக்குத் தோதானது. ஆனால் அந்தக் கரைசலின் குணம் ஜெலட்டினுக்கு நேர்மாறு: சூட்டில் இறுகும். பின்னைச் சூடாக்க வேண்டும், அல்லது கரைசலில் வேறு கூட்டுப்பொருள் சேர்க்க வேண்டும். ஜெலட்டினுக்கு வாங்கிய இயந்திரத்தில் நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம் என்று விற்பனையாளர் சொன்னால் நம்பவேண்டாம்.

தம்பி இன்னும் ஆசையை விடவில்லை, விடவும் வேண்டியதில்லை. பெரிய சைஸ் கூடு ஒன்று ஏறக்குறைய 100 மில்லிகிராம். நாளுக்குப் பத்து லட்சம் கூடு என்றால் 100 கிலோ சரக்கு. அது கட்டுப்படியாகிற தொழில்தான். அவனைப்போல இதில் இறங்க நினைப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இயந்திரத்துக்கு முன்பணம் கட்டும் முன் ஜெலட்டின் விற்பவரிடம் போய் உட்காருங்கள். எலும்பா தோலா, எந்த நாட்டு மாடு, குரோமியம் எவ்வளவு என்று ஒவ்வொரு தொகுதிக்கும் எழுத்தில் கேளுங்கள். கொடுக்கத் தயங்குகிறவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.