இருட்டிய பின் தைத்த உருப்படிகள்

பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு ஓவர்டைம் கிடையாது என்ற நம்பிக்கை, திருப்பூரில் முதலாளிகளைவிடத் தொழிலாளிகளிடமே உறுதியாக வேரூன்றியிருப்பதை நாங்கள் வெகுகாலமாகக் கண்டுவருகிறோம். "தெச்ச பீஸுக்குக் காசு வாங்கிட்டோம், அப்பறம் என்னங்க ஓவர்டைம்?" என்பார்கள், சற்றே பெருமிதத்துடன். ஷிப்டுக் கூலிக்காரரைப்போல் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர் தாங்கள் என்பது அப்பெருமிதத்தின் உள்ளுறை.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இந்நம்பிக்கையை ஏற்கவில்லை. நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற எல்லையைத் தாண்டிய உழைப்புக்கு இரட்டிப்பு ஊதியம் என்று விதித்த அதன் 59ஆம் பிரிவு, பீஸ் ரேட்டுக்காரருக்கெனத் தனிக் கணக்கொன்றையும் வகுத்தது. மிகைநேரம் செய்த மாதத்துக்கு முந்தைய மாதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதே வேலையைச் செய்த நாள்களின் முழுநேரச் சம்பாத்தியத்தை, மிகைநேரப் பணம் நீக்கி, நாள் சராசரியாக்க வேண்டும். அதுவே அவரது சாதாரண விகிதம்.

பகலில் மணிக்கு 20 உருப்படி, உருப்படிக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரத்துக்கு 480 ரூபாய், மணிக்கு 60, இரட்டித்தால் 120. இருட்டிய பிறகு அதே கை மணிக்கு 16 உருப்படிதான் தைக்கிறது என்றால், தைத்ததற்கு மட்டும் கூலி 48 ரூபாய். முந்தைய மாதத்தைப் பார்க்கச் சொன்னவர்கள் இந்தச் சோர்வை அறிந்திருந்தார்களோ என்னவோ, அவர்களது கணக்கில் களைத்த கை விகிதத்தைக் குறைப்பதில்லை.

அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழங்கும் முறை வேறு. அந்த வாரச் சம்பாத்தியத்தை அந்த வாரத்தின் மொத்த மணிகளால் வகுக்கிறார்கள். 50 மணியில் 600 டாலர் என்றால் மணிக்கு 12; 40க்கு மேற்பட்ட 10 மணிக்கும் அதில் பாதி, 6 டாலர் வீதம், கூடுதலாகத் தருகிறார்கள். முழு மணிக்கூலி உருப்படிக் கூலியிலேயே அடங்கிவிட்டது என்பது அவர்கள் வாதம். நேரம் நீள நீளக் கை தளர்ந்தால் விகிதமும் இறங்கும். எங்களுக்கு இது உவப்பாயில்லை.

நம் சட்டத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. முந்தைய மாதம் அதே வேலையைச் செய்திராதவருக்கு, மிகைநேரம் செய்த வாரத்தின் சம்பாத்தியமே அடிப்படை என்றது அதன் விலக்குரை. பனியன் தொழிலில் ஆர்டருக்கு ஆர்டர் ஸ்டைல் மாறும். போன மாதம் டீ-ஷர்ட், இந்த மாதம் பைஜாமா. இரண்டும் ஒரே வேலையா என்று கேட்டுவிட்டால் போதும், களைத்த வாரம் கணக்குக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் அக்கா பதினோரு ஆண்டுகள் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவள். கம்பெனியை விட்டு விலகியபோது, அவளுக்குச் சேரவேண்டியதைக் கணக்கிட அமர்ந்தோம். தேதி, ஸ்டைல், உருப்படி, ரேட் எல்லாம் அவளுடைய நோட்டில் இருந்தன. நேரம் மட்டும் இல்லை. காண்டிராக்டரிடம் கேட்டதற்கு, "பீஸ் ரேட்டுக்கு டைம் எதுக்குங்க?" என்றார். உருப்படியிலிருந்தே மணியைக் கண்டுபிடிக்க முயன்றோம். பகலில் 160, இரவு மூன்று மணி நேரத்தில் 48, ஆக 208 என்ற ஒரு நாளை 20ஆல் வகுத்தால் 10 மணி 24 நிமிடம் வருகிறது. அவள் உட்கார்ந்திருந்ததோ 11 மணி. மெதுவாக நகர்ந்த அந்த 36 நிமிடங்களை வகுத்தல் விழுங்கிவிடுகிறது. ஆர்டர் கப்பலேறும் வாரங்களில் அவளுக்கெனச் சோற்றை மூடிவைத்த இரவுகளை அம்மா விரல்விட்டு எண்ணினாள். அக்காவோ, "விடுங்க, கெடைச்சது போதும்" என்று நோட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டாள்.

2025 நவம்பர் 21இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததும் பழைய தொழிற்சாலைகள் சட்டம் விலகியது. இரட்டிப்பு என்ற சொல் புதியதிலும் இருக்கிறது. முந்தைய மாதத்தைப் புரட்டிப் பார்க்கச் சொன்ன நீண்ட வாக்கியம் அதன் மிகைநேரப் பிரிவில் இல்லை. எங்கள் தெருவிலிருந்து பீஸ் ரேட்டுக்குப் போகும் பெண்களிடம், நோட்டில் இன்னொரு கோடு போட்டு, மெஷினை அணைத்த நேரத்தையும் எழுதச் சொல்லிவருகிறோம். இதுவரை இருவர் எழுதுகிறார்கள்.