உங்களுக்குக் குளுகுளு காத்து, எங்களுக்கு வாழை

சித்திரை வைகாசியில டிவி செய்தியைப் பாத்திருப்பீங்க. "சூறைக்காற்றுடன் கோடை மழை, பொதுமக்கள் மகிழ்ச்சி" என்று வாசிப்பாங்க. கடைசியில ஒரு வரி வரும்: "பல ஏக்கர் வாழைகள் சாய்ந்தன." அந்தக் கடைசி வரியில இருக்கறவங்க நாங்கதான். அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு இன்னிக்கு எழுதலாம்னு நினைச்சேன்.

எங்க ஊரு கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கம். பவானி ஆத்துத் தண்ணி பாயற ஊரு, பச்சையா இருக்கும். அதுக்காக வெயில் குறைச்சல்னு நினைச்சிராதீங்க. கடல் காத்து எட்டாத உள்மாவட்டம். சித்திரையில 40 டிகிரி சர்வசாதாரணம். காலையில 10 மணிக்கே களை எடுக்கற பொம்பளைங்க நிழல் தேடி வந்துருவாங்க. அந்த வெயில்ல வாழைக்குத் தண்ணி குறைஞ்சா இலை ஓரம் கருகும், காய் திரளாது. விடாம தண்ணி கட்டோணும். கட்டினா மண்ணு இளகி, வேர்ப்பிடி லேசாயிரும். அப்பப் பாத்துத்தான் காத்து வரும். தண்ணி விட்டாலும் குத்தம், விடாட்டியும் குத்தம்.

வாழையை மரம்னு சொல்றோமே தவிர, அது மரமே இல்லீங்க. இலைமட்டைங்க ஒண்ணு மேல ஒண்ணு சுத்திச் சுத்தி நிக்கற தண்டு. உள்ள பாதிக்கு மேல தண்ணிதான். உச்சியில பாய் மாதிரி விரிஞ்ச இலை, ஒரு பக்கமாத் தொங்கற பத்துப் பன்னெண்டு கிலோ தாரு. தள்ளி விடறதுக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கும்.

இந்தக் காத்து எப்படி வருதுன்னு எங்களுக்கு அனுபவத்துல தெரியும். காரணத்தைப் பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். நாலஞ்சு நாள் இறுக்கமா இருக்கும், உடம்புல வேர்வை காயாது. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல திம்பம், கடம்பூர் மலைப் பக்கம் வெள்ளை மேகம் காலிஃபிளவர் மாதிரி பொங்கும். சூடான காத்து ஈரத்தோட மேல ஏறி, 12 கிலோமீட்டர் உயரத்துக்கும் மேல மேகமா எழும்பி நிக்கும். அதுல மழை உருவாகி விழும்போது, சுத்தியிருக்கற காத்தைக் குளிர வெச்சுக் கீழ தள்ளும். குளிர்ந்த காத்து கனம் அதிகம். தொபுக்கடீர்னு தரையில வந்து மோதி நாலாபக்கமும் சிதறும். மழைக்கு முன்னாடி சில்லுன்னு ஒரு காத்து அடிக்குதே, அது இதுதான். நீங்க மாடிக்குப் போயி "ஆகா"ன்னு நிக்கறது அதுக்குத்தான். எங்க வாழையைச் சாய்க்கறதும் அதேதான்.

"அப்புறம் ஏன் சரியா அந்த மாசத்துல தாரு தொங்கற மாதிரி நடறீங்க? மாத்தி நடலாமே?" படிச்ச பசங்க நிறையப் பேரு கேட்டிருக்காங்க. நல்ல கேள்விதான். நான் போடறது நேந்திரன். அதுக்குப் பெரிய சந்தை கேரளா. ஓணத்துக்குத்தான் நல்ல விலை. ஓணம் ஆவணியில வரும். ஆவணியில தாரு வெட்டோணும்னா, பத்துப் பதினோரு மாசம் முன்னாடி, ஐப்பசி வாக்குல கன்னு நடோணும். அப்படி நட்டா ஏழெட்டு மாசத்துல, சித்திரைக் கடைசி வைகாசியில தாரு தள்ளும். விலை கிடைக்கற கணக்கும் காத்து அடிக்கற கணக்கும் ஒரே மாசத்துல வந்து முட்டுது. முன்னாடி பின்னாடி நட்டா காத்துக்குத் தப்பலாம், ஆனா விலைக்கு மாட்டிக்குவோம். வருசா வருசம் தெரிஞ்சேதான் இந்தச் சூதாட்டத்துல உக்கார்றோம்.

போன வைகாசியில ஒரு நாள் சாயங்காலம் நாலரை மணி இருக்கும். ஒரு ஏக்கர்ல 1000 வாழை. அதுல 600-க்குத்தான் சவுக்கு முட்டுக் குடுத்திருந்தோம். மீதிக்கு முட்டு அடுத்த வாரம் வண்டியில வரோணும். காத்து கிளம்பின உடனே காலு தானாத் தோட்டத்தைப் பாத்து ஓடுச்சு. வீட்டுக்காரி கையைப் புடிச்சு இழுத்து, "ஏனுங்க, போற வாழை போகட்டும், நீங்க உள்ள வாங்க"ன்னு கத்தினா. சொல்லி முடிக்கல, பளீர்னு ஒரு மின்னல். வெளிச்சமும் சத்தமும் ஒண்ணா வந்துச்சு. பக்கத்துத் தோட்டத்துல வேப்பமரத்தடியில கட்டியிருந்த சினை மாடு நின்ன எடத்துலயே போயிருச்சு. இடி மரத்துல விழுந்தாலும் மின்சாரம் மண்ணுல பரவும். மாட்டுக்கு முன்னங்காலும் பின்னங்காலும் தள்ளித் தள்ளி இருக்கறதால உடம்பு வழியாப் பாஞ்சிரும். அதனாலதான் சொல்றேன். மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவுல எண்ணிப் பாருங்க, மூணு செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்றதுக்குள்ள சத்தம் வந்தா வெளிய நிக்காதீங்க. மரத்தடி, கம்பி வேலி, மோட்டார் ரூம்பு கதவோரம், எதுவும் வேண்டாம்.

காத்து அடிச்சது மொத்தமே இருபது நிமிசம். விடிஞ்சதும் எண்ணிப் பாத்தோம். 410 சாஞ்சு கிடந்துச்சு. முட்டுக் குடுத்ததுலயும் எழுபது போச்சு, முட்டோட சேந்து. காயி பாதி கூடத் திரளல. ஓரளவு தேறினது 60 தாரு. வாங்க வந்தவர் சொன்ன விலை வெட்டுக்கூலிக்கும் வண்டி வாடகைக்கும் சரியாப் போச்சு. அவரையும் சொல்லிக் குத்தமில்லை, அன்னிக்கு சுத்துப்பட்டு ஊரு எல்லாத்துலயும் தாரு கீழதான் கிடந்துச்சு. மீதியை மாட்டுக்கு நறுக்கிப் போட்டோம். எட்டு மாசம் உரம் வெச்சு வளத்ததை அது நிதானமா மென்னுச்சு.

நிவாரணம் உண்டான்னு கேப்பீங்க. உண்டு. 33 சதவீதத்துக்குக் குறையாம சேதம் இருந்தா கணக்கெடுப்பாங்க. ஆனா அது ஏக்கர் கணக்கு. நாங்க செலவு பண்றது கன்னு கணக்கு, முட்டு கணக்கு. காப்பீடு கட்டினாலும் பெரும்பாலும் வட்டாரத்தோட சராசரி விளைச்சலை வெச்சுத்தான் இழப்பைப் பாக்கறாங்க. காத்துக்கு சராசரி தெரியாதுங்களே. ஒரு தோட்டத்தைத் துடைச்சிட்டுப் போகும், வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு இலை கிழிஞ்சிருக்காது.

இவ்வளவும் சொல்லிட்டு, அந்த மழையைத் திட்டினேனான்னா இல்லை. மூணாம் நாள் மேட்டுக்காட்டுல ஏர் ஓட்டினோம். சித்திரை மாசப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்னு பெரியவங்க சொல்லுவாங்க. வைகாசி ஆனாலும் அந்த ஈரத்தை விட மனசு வரல. கோடை உழவு போட்டா மண்ணுக்குள்ள இருக்கற கூட்டுப்புழு வெளிய வந்து காயும், கொக்கும் மைனாவும் பொறுக்கித் திங்கும், அடுத்த மழை மண்ணுல இறங்கும். பத்து நாள்ல ஆட்டுக்குப் புல்லு வந்துச்சு. கிணத்துல ரெண்டு படிக்கட்டு தண்ணி ஏறுச்சு. மேட்டுக்காட்டுக்குக் குடுத்ததையும் வாழைத் தோட்டத்துல எடுத்ததையும் ஒரே மேகந்தான் செஞ்சுச்சு. யாருகிட்டப் போயி சண்டை போடறது?

பையன், "அப்பா, வாழையை விட்டுட்டு மஞ்சளோ தென்னையோ போட்டுறலாம்"னான். தென்னைக்குக் காய் வர அஞ்சு வருசம் யாரு சோறு போடறது? சாஞ்சதை வெட்டிப் போட்டுட்டு, பக்கக் கன்னுல நல்லதா ஒண்ணை விட்டு மறுதாம்பு வளத்தோம். ஐப்பசியில மறுபடி புதுக் கன்னும் நட்டாச்சு. இந்தத் தடவை 1000-க்கும் சவுக்கு முட்டு, சித்திரை பிறக்கறதுக்கு முன்னாடியே.

இனிமே ஆடி ஆவணியில கடைக்காரர் பழத்துக்கு விலை ஏத்திச் சொன்னா, வைகாசியில அடிச்ச அந்தக் குளுகுளு காத்தை ஒரு தடவை நினைச்சுக்கங்க. அந்த விலையில பெரும்பங்கு எங்களுக்கு வர்றதில்லை. ஏன்னா, அப்ப விக்கறதுக்கு எங்ககிட்டத் தாரே இருக்காது.