திரைக்குத் திரை

கிண்டியில் ஒரு பழைய கட்டடம், இரண்டாவது மாடியில் ஒரு சிறு நிறுவனம். லிஃப்ட் பொத்தான்களில் பிரெயில் புள்ளிகள் இருந்தன. எந்த மாடி வந்தது என்று குரலும் சொன்னது. ஆனால் அந்த லிஃப்டை அடைய வாசலில் மூன்று படி ஏற வேண்டும். சாய்தளம் கிடையாது. சக்கர நாற்காலியில் வரும் ஊழியர் ஒருவர் அதனாலேயே வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார் என்றார்கள். கட்டடக்காரரிடம் பேசிக்கொண்டே இருக்கிறார்களாம்.

இணையதளங்களையும் செயலிகளையும் மாற்றுத்திறனாளிகளால் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்து அறிக்கை தருவது இந்த நிறுவனத்தின் தொழில். சோதிப்பவர்களில் பெரும்பாலோர் மாற்றுத்திறனாளிகளே. பிறவியிலேயே பார்வை இல்லாத ஓர் இளைஞர் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டார்கள். மதுரைக்காரர், பேச்சு இன்னும் மாறவில்லை. அவருடைய லேப்டாப் திறந்திருந்தது, திரையில் ஒன்றுமே இல்லை. ஆன் செய்யவில்லையா என்று கேட்டேன்.

"ஓடிக்கிட்டுத்தான் சார் இருக்கு. ஸ்கிரீன் கர்ட்டன் போட்ருக்கேன். திரைக்கே திரை. பாஸ்வேர்டு அடிக்கையில யாரும் எட்டிப் பாக்க முடியாதுல்ல."

ஹெட்போனைக் கழற்றி ஒலியை வெளியே விட்டார். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை, அவ்வளவு வேகம். பாதியாகக் குறைத்தார்; அப்போதும் திணறினேன். கடைசியில் கர்ட்டனை விலக்கி, பேசுவதையெல்லாம் எழுத்தில் காட்டும் ஸ்பீச் வியூவர் என்ற சின்னச் சன்னலைத் திறந்துவைத்தார். அதன் பிறகுதான் அந்த அறையில் நடப்பது எனக்கு விளங்க ஆரம்பித்தது.

அவர் பயன்படுத்துவது என்விடிஏ. 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பவர் எழுதத் தொடங்கிய திரைவாசிப்பு மென்பொருள். அவரும் பார்வையற்றவர். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் கட்டுப்படியாகாத நாடுகளில் எல்லாம் இலவசமான இதுதான் பார்வையற்றவர்களைக் கணினிமுன் உட்கார வைத்தது. இதில் மவுசுக்கு வேலையில்லை. ஹெச் விசையைத் தட்டினால் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம், எஃப் தட்டினால் படிவத்தின் கட்டத்துக்குக் கட்டம். பக்கத்தைச் செய்தவர் தலைப்பைத் தலைப்பு என்றே குறித்திருந்தால்தான் இந்தத் தாவல் நடக்கும். எழுத்தைப் பெரிதாக்கிக் கறுப்படித்து விட்டிருந்தால் நமக்கு அது தலைப்பு, அவருக்கு வெறும் வரி.

அன்றைக்குச் சோதனைக்கு வந்திருந்தது ஒரு தேர்வுக்கான விண்ணப்பப் படிவம். முதலில் தானியங்கிக் கருவியை ஓட்டினார். ஏறக்குறைய எல்லாம் பச்சை. "மெஷின் பாஸ் போட்ருச்சு. இனிமே நாம பாப்போம்."

மாதிரிக் கையெழுத்துப் படத்தில் குரல் "இமேஜ்" என்றது, அடுத்ததற்குப் போய்விட்டது. படத்துக்கு மாற்று உரை வேண்டும் என்பது விதி. யாரோ 'இமேஜ்' என்று தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். உரை இருக்கிறதா என்று கருவி பார்க்கும், என்ன சொல்கிறது என்று பார்க்காது. அடுத்தது பிறந்த தேதி. தட்டச்சு செய்ய விடாமல் ஒரு நாட்காட்டி வந்து விழுந்தது. நடப்பு மாதத்திலிருந்து மாதம் மாதமாகப் பின்னால் போக வேண்டும். இளைஞர் பிறந்தது 1994-இல். பொறுமையாகத் தட்டிக்கொண்டே போனவர், இடையில் வெளியேற முயன்றார். டேப் விசை நாட்காட்டிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. விசைப்பலகையோடு உள்ளே போனவர் விசைப்பலகையோடே வெளியே வர வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி என்னும் உலகளாவிய வழிகாட்டு நெறிகளின் மிக அடிப்படை நிலையிலேயே இருக்கிறது.

ஒருவழியாக நிரப்பி 'சமர்ப்பி' அழுத்தினார். குரல் மௌனம். இரண்டு கட்டங்களைச் சுற்றிச் சிவப்புக் கோடு விழுந்ததை நான் பார்த்தேன். அவர் காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்கயாவது செவப்பா இருக்கா சார்?" என்றார். அனுபவத்தில் வந்த கேள்வி. பிழையை நிறத்தால் மட்டும் சொல்லாதே, எழுத்திலும் சொல் என்பதும் அதே அடிப்படை நிலைதான். எந்தக் கட்டம் என்று நான் சொல்லாமலிருந்தால் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டிருப்பார். இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்து படிவம் காலியானது. எச்சரிக்கை ஏதும் வரவில்லை. நேரம் முடியும்முன் எச்சரித்து, நீட்டித்துக்கொள்ள 20 நொடியாவது தர வேண்டும் என்பது விதி. தட்டியதெல்லாம் போயிற்று.

அறிவிப்புக் கோப்பைத் திறந்தார். திரையில் நல்ல தமிழ். குரலோ ஆங்கில எழுத்துகளாக உதிர்த்தது. "தமிழ் என்ற வார்த்தைய எப்படி வாசிக்குது பாருங்க" என்று ஓரிடத்தில் நிறுத்தினார்: ஜே, கே, பி, ஓ, செமிகோலன். பாமினி எழுத்துருவில் தட்டியவர்களுக்கு இது உடனே புரியும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவதற்கு அடியில் கிடப்பது ஆங்கில எழுத்துகள். யூனிகோடை ஏற்றுத் தமிழக அரசு ஆணையிட்டது 2010-இல். இன்றும் அச்சகத்துக்குத் தயாரித்த கோப்பை அப்படியே இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். ஸ்கேன் செய்து ஏற்றினால் இன்னும் மோசம், வெற்றுப் பக்கம் என்றே குரல் சொல்லும். இதற்குப் புதுக் கருவி, புதுச் செலவு எதுவும் வேண்டியதில்லை. யூனிகோடில் தட்டினால் தீர்ந்தது. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை, பழகிவிட்டது போல.

அடுத்த மேசையில் காது கேளாத ஒரு பெண், நலத்திட்டம் பற்றிய காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தானாக உருவாகும் தமிழ் வசன வரிகளில் ஊர்ப்பெயர்கள் படும் பாட்டைக் காட்டிச் சிரித்தார். அவருக்கு அடுத்தவர் குறைபார்வை உள்ளவர். வெள்ளைத் தாளில் இளஞ்சாம்பல் எழுத்து என்ற இன்றைய நாகரிகம்தான் அவருக்கு எதிரி. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வேறுபாடு வேண்டும் என்று அளந்து அளந்து எழுதிக்கொண்டிருந்தார்.

டீ வந்தபோது பேச்சு சட்டத்துக்குப் போனது. அமெரிக்கா 1998-இலேயே, மத்திய அரசுத் துறைகளின் கணினிகளும் மென்பொருள்களும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பயன்பட வேண்டும் என்று மறுவாழ்வுச் சட்டத்தின் 508-ஆம் பிரிவைத் திருத்தியது. ஐரோப்பாவின் இஎன் 301 549 தரநிலை 2014-இல் வந்தது. அதைத் தழுவி இந்தியத் தர அமைவனம் 2021-இலும் 2022-இலும் இரண்டு பகுதிகளாக ஐஎஸ் 17802-ஐ வெளியிட்டது. முதல் பகுதி என்ன வேண்டும் என்கிறது, இரண்டாவது அதை எப்படிச் சோதிப்பது என்கிறது. 2023-இல் இது மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளிலும் ஏறிவிட்டது. 2016 சட்டத்தின்படி விதிகள் வந்த இரண்டு ஆண்டுக்குள் சேவைகள் மாறியிருக்க வேண்டும். விதிகள் 2017-இலேயே வந்துவிட்டன. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரை.

ஆக, எழுதுவதில் நாம் யாருக்கும் பின்தங்கவில்லை. ஆனால் 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கைவைத்தது அந்த விதிகளில்தான். சட்டம் கட்டாயம் என்று சொன்னதை விதி 15(1) வெறும் வழிகாட்டியாக்கிவிட்டது என்று அதைச் செல்லாததாக்கி, மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை வகுக்கச் சொன்னது. அடுத்த ஏப்ரலில் பிரக்யா பிரசூன் வழக்கு. அமிலத் தாக்குதலில் கண்கள் பாதிக்கப்பட்டவர். வங்கிக் கணக்கு தொடங்கும்போது, உயிரோடிருப்பதை நிரூபிக்கக் கேமராமுன் கண் சிமிட்டச் சொன்னார்கள். பார்திவாலா, மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது உயிர்வாழும் உரிமையான, அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்று சொல்லி 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது.

"தீர்ப்பு நல்லாத்தான் இருக்கு. கீழ ஏடிஎம் இருக்கு, வாங்க" என்று கைத்தடியை விரித்தார் இளைஞர்.

2014 ஜூலை 1 முதல் நிறுவப்படும் ஒவ்வொரு புது ஏடிஎம்மும் பேச வேண்டும், விசைகளில் பிரெயில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஹெட்போனைச் செருகினால் பேச்சு தொடங்க வேண்டும். இதற்கென்றே பையில் ஒரு வயர் ஹெட்போன் வைத்திருக்கிறார். போன்களில் அந்த ஓட்டையே காணாமல் போய்க்கொண்டிருக்கும் காலம் இது. முதல் இயந்திரத்தில் செருகியும் சத்தமில்லை. துளைக்குள் தூசி. காவலாளி ஓடிவந்தார்.

"கார்டைக் குடுங்க தம்பி, நம்பரச் சொல்லுங்க, எடுத்துத் தர்றேன்."

நல்ல மனிதர்தான். அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது, எண்ணைச் சொல்லவும் முடியாது. "பரவால்லண்ணே, எதுத்தாப்ல பாத்துக்கிறேன்" என்று வெளியே வந்தார்.

எதிர்ச்சாரி இயந்திரம் பேசியது, ஆங்கிலத்தில். திரையை இருட்டாக்கவா என்று கேட்டு இருட்டாக்கியது. 5-இன் மேல் இருக்கும் புள்ளியைத் தொட்டதும் மற்ற எண்கள் விரலுக்கு வந்துவிட்டன. உறுதி செய்யும் விசையில் மேடான வட்டம், ரத்து செய்வதில் பெருக்கல் குறி. கேட்டுக்கொண்டே அழுத்தி முடித்தார். பின்னால் நின்ற எனக்கு அவர் எவ்வளவு எடுத்தார் என்றுகூடத் தெரியாது. இந்தத் தரநிலைகள் கேட்பதும் இவ்வளவுதான், யார் தயவும் இல்லாமல் ஒரு காரியம் முடிய வேண்டும்.

நோட்டுகளை விரித்து ஓரத்தைத் தடவினார். புது 500-இல் மேடான கோடுகள் ஐந்து, 100-இலும் 200-இலும் நான்கு. 200-இல் நடுவே இரண்டு வட்டங்கள் கூடுதல். நோட்டு புதிதாக இருக்கும்வரைதான் இது விரலுக்குத் தெரியும். நீளத்தில் 200-க்கும் 500-க்கும் உள்ள வேறுபாடு 4 மில்லிமீட்டர். சந்தேகம் வந்தால் 2020-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட மணி செயலியைத் திறந்து நோட்டைக் கேமராவுக்குக் காட்டுவார். பெரும்பாலும் யூபிஐதானாம், ஆனால் கடையில் க்யூஆர் அட்டைக்கு நேரே கேமராவைப் பிடிப்பதற்குள் பின்னால் வரிசை சேர்ந்துவிடும். அதனால் கடைக்காரரின் போன் நம்பரை வாங்கிப் போட்டுவிடுகிறார்.

மாலையில் அறிக்கை தயாரானது. நாட்காட்டியை எடுத்துவிட்டு மூன்று கட்டங்கள் வையுங்கள். பிழைகளை எழுத்தில் சொல்லுங்கள். அறிவிப்பை யூனிகோடில் ஏற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐஎஸ் 17802-இன் பிரிவு எண். படிவத்தைச் செய்த நிறுவனத்திலிருந்து அரை மணியில் பதில் வந்தது: எல்லாம் ஏற்கப்பட்டது, அடுத்த வெளியீட்டில் சரிசெய்யப்படும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் அதற்கு முன்பே முடிகிறது. எனவே இப்போதைக்கு ஓர் உதவி எண்ணையாவது பக்கத்தின் மேலே போடச் சொல்லித் தனியாக ஒரு கடிதம் எழுதினார்கள். பக்கத்து மேசைப் பெண் அதை வாங்கிப் படித்துவிட்டு, அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்ப முடிய வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார்.