வானம் பார்த்த மீன்

வானம் பார்த்த பூமியைத் தெரியும். வானம் பார்த்த மீனைத் தெரியுமோ உங்களுக்கு? எங்கள் நெல்லிக்குப்பம் பக்கத்து வாய்க்கால்களில் நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தும். உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும். மலையாளத்தில் அழகாக ‘மானத்துக்கண்ணி’ என்கிறார்கள். மீன் வளர்ப்பவர்களுக்கு அது ‘பாஞ்சாக்ஸ்’.

எங்கள் கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் ஆறு இருக்கின்றன. வாய் மேல்நோக்கி அமைந்திருப்பதால், அடியில் விழுந்த இரையை அவை பெரும்பாலும் சீந்துவதில்லை. மிதக்கும் இரையாகக் கொஞ்சங் கொஞ்சமாகத் தூவுங்கள். தண்ணீரில் அலை வேண்டாம். மிதக்கும் செடி கொஞ்சம் வேண்டும். எண்ணெய்ப் படலம் படர்ந்தால் காகிதத்தால் ஒற்றி எடுத்துவிடுங்கள். மூடியை மட்டும் மறக்கவே கூடாது, துள்ளுவதில் சூரர்கள்!

“காசு கொடுத்து வாங்காத மீனுக்கு இத்தனை உபசாரமா?” என்கிறார் என் கணவர். இருக்கட்டுமே! கொசுப்புழு என்றால் இவற்றுக்கு அல்வா. அப்படியிருந்தும், கொசுவை ஒழிக்கவென்று 1928-ல் அமெரிக்க இனமான கம்பூசியா மீனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டிலே ஆள் இருக்க, வெளியூரிலிருந்து வரவழைத்த கதைதான்! பல நாடுகளில் அது உள்ளூர் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்திருக்கிறது.

ஆகவே, சகோதரிகளே, கடையில் வாங்கிய மீன் அலுத்துப்போனால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். வாய்க்காலில் மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே ஏற்கெனவே குடித்தனம் நடக்கிறது.